சாப்லிஃப்டரில் 64 பேரையும் உயிரோடு மீட்பது எப்படி? அட்டாரி 7800 பதிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்லிஃப்டர், அட்டாரி 7800 என்ற பழைய வீட்டு வீடியோ கேம் இயந்திரத்திலும் வந்த ஓர் ஆட்டம். ஹெலிகாப்டரில் போய்ப் பணயக்கைதிகளை மீட்டு வர வேண்டும். என் அக்கா மகன் முதல் தடவை இதை விளையாடியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஹெலிகாப்டரைக் கிளப்பினான், கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டான், வரிசையாக எல்லாக் கட்டடத்தையும் உடைத்தான். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. காப்பாற்றியது ஏழே பேர். "எல்லாத்தையும்தான் சுட்டேனே மாமா, அப்புறம் ஏன்?" என்று கேட்டான். அதற்கப்புறம் ஐந்தாறு பேருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழுந்தது அதே இடத்தில்தான்.

பார்க்க இது சுடும் ஆட்டம். விளையாடிப் பார்த்தால் ஆள் ஏற்றி இறக்கும் ஆட்டம். இதில் துப்பாக்கி முதலில் பணயக்கைதிகளை அடைத்திருக்கும் கொட்டடியைத் திறக்கும் சாவி, அப்புறம்தான் ஆயுதம். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்ற வரிசை பிடிபட்டால் 64 பேரும் கைக்கு எட்டும் எண்தான். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பழகுங்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

பொதுவாக ஓர் ஆட்டம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடத்தில் பிறந்து வீட்டுக்கு வரும். சாப்லிஃப்டர் எதிர்த்திசையில் போனது. டான் கோர்லின் இதை ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். ப்ரோடர்பண்ட் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. அதை எடுத்துத்தான் சேகா 1985-இல் ஆர்கேட் இயந்திரம் செய்தது. அந்த ஆர்கேட் ஆட்டத்திலிருந்து 1986-இல் சேகாவின் வீட்டு இயந்திரமான மாஸ்டர் சிஸ்டத்துக்கு ஒரு பதிப்பு வந்தது. அட்டாரி 7800-க்கு 1987-இல் வந்ததோ 1982-இன் விதிகளைத் தழுவியது.

ஆக, பெயர் ஒன்று, ஆட்டம் இரண்டு. மாஸ்டர் சிஸ்டத்துக்கு எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு 7800-இல் உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்த வழிகாட்டி 7800 பதிப்புக்கானது. மற்றதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

2. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் கன்ட்ரோலர். தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பட்டன்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று சுடும், இன்னொன்று ஹெலிகாப்டரின் மூக்கைத் திருப்பும். அட்டாரியின் முந்தைய இயந்திரமான 2600-இன் ஒற்றைப் பட்டன் ஜாய்ஸ்டிக் இதே சாக்கெட்டில் பொருந்தும் என்பதால் பலர் அதைச் செருகிவிட்டு, ஏதோ கோளாறு என்று கார்ட்ரிட்ஜைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். 7800-உடன் வந்த ப்ரோலைன் ஜாய்ஸ்டிக்கில் இரு பக்கவாட்டிலும் ஒவ்வொரு பட்டன் இருக்கும். அரை மணி நேரத்தில் கை வலிக்கத் தொடங்கும். ஐரோப்பாவில் விற்ற ஜாய்பேட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அமெரிக்காவில் வாங்கிய அசல் இயந்திரம் என்றால் அதன் அடாப்டர் அந்த ஊர் மின்சாரத்துக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். அந்த இயந்திரம் ஆன்டெனா வழியாக என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் படம் அனுப்புகிறது. நம் ஊர் பால் (PAL) முறை டிவிகள் பலவற்றில் அது சரியாகப் பிடிக்காது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 2024-இல் வந்த அட்டாரி 7800 பிளஸ் நல்ல வழி. பழைய கார்ட்ரிட்ஜ் அதில் ஓடும், ஹெச்டிஎம்ஐ வயரை நேரே டிவியில் மாட்டலாம்.

எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரம் மாதிரி நடிக்கும் மென்பொருளில், ஆடுகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். டிவியில் ஆடினால் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் கை அசைந்து சற்றுக் கழித்தே ஹெலிகாப்டர் அசையும். இறங்கும்போது அந்தத் தாமதம் ஆட்களை நசுக்கும். அப்புறம், விசைப்பலகை வேண்டாம். ஒரு சாதாரண கேம்பேட் போதும்.

3. மூன்று எண்களைப் படிக்கப் பழகுங்கள்

இந்த ஆட்டத்தில் ஸ்கோர் என்று ஒன்று கிடையாது. இறந்தவர்கள், ஹெலிகாப்டரில் இருப்பவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் என்று மூன்று எண்ணிக்கைகள் மட்டும் திரையில் ஓடும். கொட்டடிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் 16 பணயக்கைதிகள், மொத்தம் 64 பேர். உங்கள் ஹெலிகாப்டரில் ஒரு நடைக்கு 16 பேருக்குத்தான் இடம். உங்களுக்குக் கிடைப்பது மூன்று ஹெலிகாப்டர்கள்.

கணக்கு நேரானது: குறைந்தது நாலு நடை. எரிபொருள் தீராது, கடிகாரமும் இல்லை. அதனால் ஆறு நடை, ஏழு நடை போனாலும் குற்றமில்லை.

உங்கள் கண் எப்போதும் இருக்க வேண்டியது நடு எண்ணில், அதாவது உள்ளே எத்தனை பேர் என்பதில். அது பூஜ்யமாக இருக்கும்போது விழுந்தால் போவது ஒரு ஹெலிகாப்டர் மட்டும். 16 ஆக இருக்கும்போது விழுந்தால் ஹெலிகாப்டரோடு மொத்தத்தில் கால்வாசிப் பேரும் போய்விடுவார்கள். எனவே, போகும்போது சண்டை, வரும்போது ஓட்டம். காலியாகப் போகையில் டாங்கியைத் தேடிப் போய் அடியுங்கள். ஆள் ஏற்றியபின் எதிரே வருவதை விலகிப் போங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போகும்போது அவசரமாகப் பறந்து, திரும்பும்போது தைரியம் வந்து நின்று சுடுகிறார்கள்.

4. சுடாமல் பத்து நிமிடம் பறந்து பாருங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. போகாதீர்கள், ஆட்டத்தின் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டர் முதலில் சாயும், அப்புறம் நகரும், அப்புறம் வேகம் பிடிக்கும். கையை எடுத்தவுடன் நின்றுவிடாது. நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். சைக்கிளில் இறக்கத்தில் வருகிறவன் முன்கூட்டியே பிரேக் பிடிப்பது மாதிரி, நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே எதிர்ச் சாய்வு கொடுங்கள்.

அடுத்தது மூக்கு. போகும் திசை வேறு, மூக்கு பார்க்கும் திசை வேறு. இடப்பக்கம் பார்த்தபடியே வலப்பக்கம் பின்னோக்கிப் பறக்கலாம். மூக்குக்கு மூன்று நிலைகள்: இடம், வலம், நம்மை நோக்கி முன்பக்கம். பக்கவாட்டில் பார்க்கையில் குண்டு மூக்கின் சாய்வைப் பின்பற்றிப் போகும். முன்னோக்கிப் பாய்ந்தால் மூக்கு தாழ்ந்து குண்டு கீழே இறங்கும். பின்வாங்கினால் மூக்கு தூக்கிக் குண்டு மேலே ஏறும். நம்மைப் பார்த்து நிற்கையில் சுட்டால் கீழே தரையில் விழும்.

நீங்கள் கிளம்பும் தளத்தின் பக்கத்திலேயே மூன்று பயிற்சிகளைச் செய்யுங்கள். ஒன்று, முழு வேகத்தில் வந்து நினைத்த இடத்தில் அந்தரத்தில் நிற்பது. இரண்டு, நின்ற இடத்தில் மூக்கை மூன்று நிலைக்கும் மாற்றுவது. மூன்று, சாய்வே இல்லாமல் நேர்க்குத்தாக இறங்கி ஏறுவது. மூன்றாவது சரியாக வரும்வரை எதிரிப் பக்கம் போகாதீர்கள். சாய்ந்தபடி இறங்கினால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நழுவும். வெறும் தரையில் அதனால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் ஆட்கள் நின்றால் அவர்கள் மேல் போய் உட்காரும்.

5. முதல் நடை: ஜெட் வராத ஒரே பயணம்

தளம் வலது ஓரத்தில். இடப்பக்கம் பறந்தால் முதலில் வரும் கொட்டடி ஏற்கெனவே உடைந்து எரிந்துகொண்டிருக்கும். உள்ளே இருந்தவர்கள் வெளியே வரத் தொடங்கியிருப்பார்கள். இதற்குச் சாவி தேவையில்லை. துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

இறங்கும் இடம்தான் முக்கியம். வாசலை ஒட்டி இறங்காதீர்கள். கட்டடத்திலிருந்து ஹெலிகாப்டரின் நீளம் இரண்டு மடங்கு தள்ளி, வெறும் தரையாகப் பார்த்து நில்லுங்கள். காரணம், ஆட்கள் தாங்களாகவே உங்களை நோக்கி ஓடி வருவார்கள். வாசலில் இறங்கினால் நீங்கள் தாழும்போதே அடுத்தவர் வெளியே வந்து சரியாக உங்களுக்கு அடியில் நிற்பார்.

ஒரு தடவை பொறுமையாகக் கவனித்துப் பாருங்கள். அந்தரத்தில் நிற்கும்போது கீழே குச்சிக் குச்சியாக இருக்கும் உருவங்கள் கையைத் தூக்கி ஆட்டும். நீங்கள் தாழத் தாழ அவர்கள் பக்கத்தில் ஓடி வருவார்கள். தரையைத் தொடும் நொடியில் முதல் ஆள் கதவருகே வந்து மறைவார், நடு எண் 1 ஆகும். அப்புறம் 2, 3, சில நேரம் இருவர் ஒன்றாக. பின்னால் ஒருவர் தனியாக விட்டு ஓடி வந்துகொண்டிருப்பார். கை தானாக ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளப் பார்க்கும், அடக்குங்கள். அவர் ஏறியபின் கிளம்புங்கள்.

இந்த நடையில் 16 நிறையும்வரை திரும்பாதீர்கள். முதல் பயணத்தில் எதிரே வருவது டாங்கிகள் மட்டும். ஒரு லோடு இறக்கியபின்தான் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கும். பத்துப் பேரோடு அவசரப்பட்டுத் திரும்பினால், மிச்சம் ஆறு பேருக்காக ஜெட்டுக்கு நடுவில் மறுபடி வர வேண்டியிருக்கும். ஆட்டம் முழுக்கக் கிடைக்கும் அமைதி இவ்வளவுதான், அதை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

கிளம்பும்போது முதலில் நேர் மேலே, அப்புறம்தான் பக்கவாட்டில்.

6. தளத்தில் இறக்குவது

தபால் நிலையக் கட்டடத்தின் அருகே இறங்குங்கள். கதையின்படி ஹெலிகாப்டரின் பாகங்களைத் தபால் பிரிக்கும் இயந்திரம் என்று சொல்லித்தான் உள்ளே கடத்தி வந்திருக்கிறார்கள், அதனால்தான் தபால் நிலையம். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக் கட்டடத்துக்கு ஓடுவார்கள்.

நடு எண் பூஜ்யம் ஆகும்வரை அசையாதீர்கள். இரண்டு மூன்று பேர் உள்ளேயே இருக்க, காலி என்று நினைத்துக் கிளம்புவது எல்லோரும் செய்யும் தவறு. அந்த மூன்று பேரும் அடுத்த சண்டையில் உங்களோடு இருப்பார்கள். அடுத்த நடைக்கு 13 இடம்தான் மிஞ்சும், கணக்கும் கெடும்.

7. டாங்கியை அடிக்கும் முறை

டாங்கிகள் நமக்கு முன்னால், தரையின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும். பக்கவாட்டில் பார்த்துச் சுட்டால் குண்டு அவற்றுக்குப் பின்னால் போய்விடும். எனவே மூக்கை நம் பக்கம் திருப்பி, டாங்கிக்கு மேலே நின்று கீழே போடுங்கள். டாங்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் அது இருக்கும் இடத்தில் போடாமல் போகப்போகும் இடத்தில் போட வேண்டும்.

கைதிகளின் நடுவில் டாங்கி வந்துவிட்டால் சுடாதீர்கள். உங்கள் குண்டுக்கு இவர் அவர் என்ற பேதம் தெரியாது. ஹெலிகாப்டரை மேலே தூக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். டாங்கி உங்களைத் தொடர்ந்து வரும், ஆட்கள் இல்லாத இடத்தில் அடிக்கலாம்.

எப்போதும் இறங்குவதற்கு முன்பே அந்தப் பகுதியின் டாங்கிகளை முடித்துவிடுங்கள். தரையில் நிற்கும் ஹெலிகாப்டர் அவற்றுக்கு அசையாத இலக்கு.

8. இரண்டாவது நடை: கொட்டடியைத் திறப்பது

என் அக்கா மகன் விழுந்த இடம் இதுதான். மூடிய கொட்டடிக்குள் இருக்கும் 16 பேர் பத்திரமாக இருக்கிறார்கள். டாங்கி அவர்களைத் தொடாது, ஜெட் தொடாது. நீங்கள் சுவரை உடைத்த நொடியிலிருந்து அவர்கள் வெட்டவெளியில் நிற்கிறார்கள். நீங்கள் வரும்வரை அங்கேயே சுற்றுவார்கள், விழும் ஒவ்வொரு குண்டும் அவர்களில் ஒருவரை எடுத்துப் போகலாம்.

விதி இதுதான்: 16 இடமும் காலியாக இருக்கும்போது மட்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கொட்டடி. "முதல் நடையில் ஜெட் இல்லையே, அப்போதே மிச்ச மூன்றையும் திறந்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். நானும் பல தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவைகூட 50 பேரைத் தாண்டவில்லை. திறப்பது சுலபம், நீங்கள் இல்லாத நேரத்தில் 48 பேரைக் காவல் காக்க ஆள் இல்லை.

திறக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கொட்டடியைத் தாண்டிப் பறந்து இருபுறமும் டாங்கி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடியுங்கள். பிறகு தாழ்வாக வந்து, பக்கவாட்டில் பார்த்தபடி சற்றுத் தொலைவிலிருந்து சுவரைச் சுடுங்கள். ஓட்டை விழுந்ததும் சுடும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் நான் பார்த்த முதல் ஆட்டங்களில் இறந்த கைதிகளில் பாதிப் பேராவது இங்கேதான் இறந்தார்கள். சுவர் உடைந்த மகிழ்ச்சியில் இன்னும் இரண்டு குண்டு போகும், வாசலில் முதலில் வந்து நிற்பவர் விழுவார்.

இப்போது ஜெட்டும் வரும். அது வேகமாக வந்து ஏவுகணை விட்டுவிட்டுப் போகும். தரையில் நிற்பவர் மேல் குண்டும் போடும். அதனால் இரண்டாவது நடையிலிருந்து ஒரே மூச்சில் 16 பேரை ஏற்ற நினைக்காதீர்கள். ஐந்தாறு பேர் ஏறியதும் ஜெட் தெரிந்தால் நேர் மேலே கிளம்புங்கள், உயரத்தை மாற்றி அதைப் போகவிடுங்கள், மறுபடி இறங்குங்கள். மறுபடி இறங்கும்போது கவனம்: நீங்கள் கிளம்பிய இடத்தில் இப்போது ஆட்கள் கூடி நிற்பார்கள். அவர்களை விட்டுத் தள்ளி இறங்குங்கள்.

ஜெட்டைச் சுட்டு வீழ்த்தலாமா? காலியாக இருந்தால் முயலுங்கள். அது வரும் பக்கம் மூக்கைத் திருப்பி, லேசாகப் பின்வாங்கிக்கொண்டே சுட்டால் குண்டு மேல்நோக்கிப் போகும். உள்ளே ஆள் இருந்தால் வேண்டாம்.

9. மூன்றாவது, நான்காவது நடை

இங்கே வான்கண்ணிகள் சேர்ந்துகொள்ளும். ஜெட் மாதிரி பாய்ந்துவிட்டுப் போகாது. அந்தரத்தில் மிதந்து உங்களைத் தேடிக்கொண்டே வரும், மோதினால் ஹெலிகாப்டர் போச்சு. இதற்கு மட்டும் விதிவிலக்காக, ஆள் ஏற்றியிருந்தாலும் வழி அடைத்தால் சுடுங்கள். துரத்தி வரும் கண்ணியைச் சுடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் இறங்கும் நேரத்தில் வந்து சேரும்.

கடைசி இரண்டு கொட்டடிகள் தளத்திலிருந்து தூரம். இங்கிருந்து முழு லோடோடு திரும்புவதுதான் ஆட்டத்தின் மிக ஆபத்தான பகுதி. அதனால் நான் இங்கே 16 நிறையக் காத்திருப்பதில்லை. பத்துப் பதினொன்று ஏறி, வானம் தெளிவாக இருந்தால் கிளம்பிவிடுவேன். இன்னொரு நடை கூடும், பரவாயில்லை. விழுந்தால் போவது 16 பேரா 10 பேரா என்பதுதான் கேள்வி. ஆனால் விட்டுவரும் ஆட்களைச் சுற்றி டாங்கி இல்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எமுலேட்டரில் ஆடுகிறவர்கள் மூன்றாவது கொட்டடியைத் திறப்பதற்குச் சற்று முன் ஆட்டத்தை அந்த நொடியிலேயே சேமிக்கும் ஒரு சேவ் ஸ்டேட் வைத்து, அந்த நடையை மட்டும் இருபது தடவை பழகலாம். முதலிலிருந்து ஆடி இங்கே வந்து சேர்வதற்குள் கை சோர்ந்துவிடும். சோர்ந்த கையோடு புதிதாக எதையும் கற்க முடியாது. பழகியபின் சேவ் இல்லாமல் ஆடுங்கள்.

10. மாஸ்டர் சிஸ்டம் பதிப்பில் ஆடுகிறீர்களா?

ஆர்கேட் வழியாக வந்ததால் இங்கே ஸ்கோர் உண்டு. களம் ஒன்றோடு நிற்காது. பாலைவனம், கடல் என்று மாறும். அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு குறிப்பிட்ட அளவு ஆட்களையாவது காப்பாற்ற வேண்டும். தரையிலிருந்து வரும் தாக்குதலும் அதிகம்.

பறப்பது, மூக்கைத் திருப்புவது, தள்ளி இறங்குவது, காலியாகும்வரை காத்திருப்பது, ஆள் இருக்கையில் சண்டையைத் தவிர்ப்பது எல்லாம் அப்படியே செல்லும். மாற்றிக்கொள்ள வேண்டியது வேகம். தரையிலிருந்து சுடுவது அதிகம் என்பதால் நின்று நிதானமாக டாங்கியை முடிக்க அங்கே நேரம் கிடைக்காது. சுட்டுக்கொண்டே நகர வேண்டும். 4-ஆம் படியின் பயிற்சியை அந்தப் பதிப்பிலும் முதலிலிருந்து செய்யுங்கள். சாய்வும் வேகமும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது, 7800-இல் பழகிய கை முதல் சில இறக்கத்தில் தவறும்.